அழைத்து வருபவர்: ஸ்தமாத்

“நாயைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கழுத்துப்பட்டையுடன் அழைத்து வரவும்” என்று முடிந்த கடிதத்தை மின்கோ கரபாய்கோவ் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்றாவது முறையும் அந்த நாய் அவர்தான்.

நகராட்சி முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. ரூசே நகரத்து முதியோர் இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்வரும் ஆறுதல் நாய்களுக்கு முதல் பாராட்டு விழா. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. சேவை செய்யும் நாய்க்குப் பதக்கம், கூட அழைத்து வருபவருக்குச் சான்றிதழும் பூங்கொத்தும். அதன் கீழே இரண்டு வரி. நாய்: மின்கோ கரபாய்கோவ். அழைத்து வருபவர்: ஸ்தமாத்.

அந்த ஸ்தமாத் அடுப்படிக் கதவோரம் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மின்கோவின் மனைவி பென்காவுக்கு அதே பெயரில் ஒரு தாய்மாமன் இருந்தார். குட்டி வீட்டுக்கு வந்த அன்றே அதன் மீசையைப் பார்த்துவிட்டு, “அச்சு அசல் எங்க மாமா!” என்று பென்கா வைத்த பெயர்.

“பென்கா, இதப் பாரு. என்னை நாயாக்கிட்டாங்க!”

பென்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். “முழுசா தப்புன்னு சொல்லிட முடியாது மின்கோ. நகம் வெட்டச் சொல்லியிருக்காங்க பாரு, அது உனக்கு வேண்டியதுதான்.”

“சிரிக்காதே. சனிக்கிழமையோட அவனுக்குப் பன்னண்டு முடியுது.”

பென்கா சிரிப்பை நிறுத்தினாள். விதி அவளுக்கும் தெரியும். பன்னிரண்டு வயது முடிந்த நாய் ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு பதிவும் இல்லை, பதக்கமும் இல்லை. ஊரில் முதல்முறையாக நடக்கிற விழா ஸ்தமாத்துக்குக் கடைசி வாய்ப்பாக வந்திருந்தது.

தனக்கென்று மின்கோ எதையும் ஆசைப்பட்டவரில்லை. ஆற்றுத் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருஷம் பாரந்தூக்கி ஓட்டினார். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அது அடுத்த வாரமே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. ஆனால் ஸ்தமாத் விஷயம் வேறு. ஐந்து வருஷமாக, மழையோ பனியோ, ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் டான்யூப் கரை முதியோர் இல்லத்துக்குப் போய்வரும் நாய் அது. அதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். பதக்கத்துக்கு அடியில் விரிக்க பென்கா வெள்ளை நூலில் விரிப்புப் பின்னியிருந்தாள். பென்காவின் தம்பி ஹரலாம்பி, புறாப் பந்தயத்தில் ஏழு கோப்பை வாங்கி அதைப் பற்றி மட்டுமே பேசுகிற ஹரலாம்பி, அவனையும் விழாவுக்கு அழைத்தாகிவிட்டது.

“யாரு எழுதின விண்ணப்பம்?” என்றாள் பென்கா.

“இல்லத்து சார்பா ஸ்தான்கா அம்மாதான் எழுதினாங்க. எண்பத்திநாலு வயசு. கண்ணாடி பாட்டில் அடி மாதிரி இருக்கும். பாவம், கட்டம் மாத்தி எழுதிட்டாங்க.” மின்கோ குரலைத் தாழ்த்தினார். “இது அவங்க காதுக்குப் போகவே கூடாது. நொந்துடுவாங்க. நானே போய் ஓசைப்படாம சரிபண்ணிட்டு வந்துடுறேன்.”

கோட்டை எடுத்து மாட்டினார். கை உள்ளே நுழைய மறுத்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பும் வெள்ளையுமாக நூல்கள். மார்ச் பிறந்தால் வேண்டியவர்களின் கையில் கட்டிவிடும் மார்தெனித்சா நூல். கட்டியதை, நாரையையோ பூத்த மரத்தையோ கண்ணால் பார்க்கும் வரை கழற்றக் கூடாது. இந்த வருஷம் குளிர் விடவில்லை, நாரையும் வரவில்லை.

“முப்பத்தியொண்ணு,” என்றாள் பென்கா, கையைப் பிடித்து உள்ளே திணித்துக்கொண்டே. “ஸ்தமாத் கழுத்துல ஏழுதான் இருக்கு.”

“அவனுக்கு என்ன பத்து கழுத்தா இருக்கு? அங்க இடமில்லாதத இல்லத்துக்காரங்க என் கையில கட்டுறாங்க. நான் அவனுக்கு நூல் மாட்டுற ஆணி மாதிரி.”

சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் ஸ்தமாத் வேலை பார்க்கும் விதம் அலாதியானது. இல்லத்துக் கூடத்தில் நுழையும், வெப்பக்குழாயின் கீழே போகும், ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கும், கிளம்பும் வரை எழாது. அது தூங்குவதைப் பார்த்தாலே அவர்களுக்கு ஆறுதல் என்பது மின்கோவின் கட்சி. வேலை நேரத்தில் நாயைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் அந்த இரண்டு மணி நேரத்தை அவர் வேறு வழியில் கழிப்பார். ஸ்தான்கா அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து போடுவார். யாருடைய மகளோ ஸ்பெயினில் இருப்பாள், அவளைத் தொலைபேசித் திரையில் பிடித்துக் கொடுப்பார். ஒருவரிடம் சீட்டில் தோற்பார். “மின்கோ ஏறினாத்தான் நான் எடைமெஷின்ல ஏறுவேன்” என்று அடம்பிடிக்கும் இரண்டு பேருக்காக மாதாமாதம் எடைமெஷினில் ஏறுவார். சும்மா உட்கார்ந்தால் அவருக்குப் பொழுது போகாது.

நகராட்சியில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் வெலிச்கோவா என்கிற அம்மாள் இருந்தார்.

“நாய் வந்திருக்கா?” என்றார், தலையைத் தூக்காமல்.

“நான்தான்... இல்ல, நான் நாயில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“பேரு?”

“மின்கோ கரபாய்கோவ்.”

வெலிச்கோவா தாளைப் புரட்டினார். “நாய் பட்டியல்ல இருக்கீங்களே ஐயா. எடை தொண்ணூத்திமூணு கிலோ. ஆபீஸ் முழுக்க உங்கள எப்ப பாப்போம்னு இருந்தோம். பெரிய ஜாதி நாய்னு நெனச்சோம்.”

“அது கட்டம் மாறி வந்திருக்கும்மா. திருத்திடுங்க.”

“திருத்தலாமே. அழைத்து வருபவர் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

“இந்தாங்க, இங்கயே போடுறேன்.”

“நீங்க போட முடியாது. நாய்ங்க போடறது செல்லாது. ஸ்தமாத்னு ஒருத்தர் இருக்காரே, அவர் போடணும்.”

“அம்மா, ஸ்தமாத்துதான் நாய்!”

“இருக்கலாம். எனக்குப் பதிவுல அவர் ஆளு.” அவர் ஒரு வெற்று மனுவை ஜன்னலுக்கு அடியில் தள்ளினார். “முகத்த வச்சு நாங்க முடிவு பண்றதில்லீங்க.”

மின்கோ வாதாடிப் பார்த்துவிட்டு, வழியில் ஒரு கடையில் நீல மைப்பெட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். மனுவை அவரே அழகாக எழுதினார். தூங்கும் ஸ்தமாத்தின் முன்காலைப் பிடித்து மையில் அழுத்தி, மனுவின் அடியில் ஒரு குத்து. நான்கு விரலும் துல்லியமாக விழுந்தது. அதுவரை எல்லாம் சரி.

பல மாதங்களாக நடையைத் தவிர வேறெதுவும் அறியாத ஸ்தமாத், காலில் ஈரம் பட்டதும் ஓட ஆரம்பித்தது. சோபாவில் ஏறியது. பென்கா பின்னிய வெள்ளை விரிப்பில் இரண்டு முறை நடந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்திருந்த சட்டையின் முதுகில் ஏறி நின்று குலுக்கிக்கொண்டது.

பென்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். வீடு பூராவும் நீலக் கையெழுத்து.

“எத்தன பிரதி கேட்டாங்க மின்கோ?” என்றாள்.

புதன்கிழமை காலையில் வெலிச்கோவா மனுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்ல கையெழுத்து. உங்களவிடத் தெளிவா இருக்கு.” முத்திரை குத்தினார். “அடுத்த மார்ச்சுல வாங்க.”

“அடுத்த மார்ச்சா?”

“நாயை மாத்தினா அது புது விண்ணப்பம். இந்த வருஷத்துக்கு முடிஞ்சுபோச்சு.”

“அடுத்த மார்ச்சுல அவனுக்குப் பதிமூணு! சனிக்கிழமையோட அவனுக்கு முடிஞ்சுது! அஞ்சு வருஷம்மா! ஒரு செவ்வாய்க்கிழம தப்பல! அவன் என்ன தன் பேரச் சொல்லிக் கேக்கவா முடியும்? நாந்தான கேக்கணும்!” மின்கோ கண்ணாடி ஜன்னலைத் தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

வெலிச்கோவா பேனாவை எடுத்து, சொல்லிக்கொண்டே எழுதினார். “நாய் கண்ணாடியை அடித்தது. உரக்கச் சத்தமிட்டது.”

“என்ன எழுதுறீங்க?”

“புகாருங்க. எழுதாம விட்டா என் வேலை போயிடும். புகார் வந்த நாய்க்குக் குணச் சோதனை உண்டு. நாளைக்குக் காலை பத்து மணி. தேறலைன்னா ரெண்டு பேர் பேரும் அடிபட்டுடும், விழாவுக்கே வர முடியாது.” பிறகு அந்த அம்மாள் ஜன்னல் வழியே சற்றுக் குனிந்து, மனிதக் குரலில் சொன்னார்: “பேசாம தேறிடுங்க ஐயா. மேடையில வாங்கினதக் கழட்டி அவன் கழுத்துல மாட்டிவிட்டா யாரு கேக்கப் போறா?”

மின்கோ வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். அதுவும் சரிதான். பதக்கம் முதலில் எந்தக் கழுத்தில் விழுந்தால் என்ன, கடைசியில் ஸ்தமாத் கழுத்துக்குப் போனால் போதும். அதற்காக ஒருநாள் நாயாக இருப்பதில் கௌரவக் குறைவில்லை என்று முடிவு செய்தார்.

சோதனை நடத்தியவர் யாவோர் என்கிற கால்நடை மருத்துவர். இளைஞர், கண்டிப்பானவர், கையில் அட்டை. மின்கோவைப் பார்த்தார், ஸ்தமாத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“அழைத்து வருபவர் அந்த நாற்காலியில இருக்கட்டும்,” என்றார். ஸ்தமாத் நாற்காலியில் ஏற்றப்பட்டது. கயிற்றின் ஒரு முனையை மின்கோ தன் இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டார், மறுமுனை ஸ்தமாத்தின் காலடியில். அது அதன்மேல் தலைவைத்துத் தூங்கியது.

முதலில் முதுகுக்குப் பின்னால் இரும்புச் சட்டியைப் போட்டார்கள். துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவருக்கு அது கொசு ரீங்காரம். “சட்டி விழுந்துடுச்சுங்க,” என்று எடுத்துக் கொடுத்தார். அப்புறம் முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து தலையைத் தடவினார்கள், காதைப் பிடித்துப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டார். சாப்பிடும்போது தட்டைப் பிடுங்குவது அடுத்தது. பென்கா சுட்டுக் கொடுத்த பாலாடைக்கட்டிப் பணியாரத்தை மின்கோ வாயில் வைக்கப் போன நேரத்தில் மருத்துவர் பிடுங்கினார். உறுமினால் தோல்வி.

மின்கோ உறுமவில்லை. “காலைல சாப்பிடலையா தம்பி?” என்றார். “முழுசா எடுத்துக்கோங்க. உள்ள இன்னும் ரெண்டு இருக்கு.”

மருத்துவர் எதையோ எழுதினார். எழுதி முடித்துப் பணியாரத்தையும் சாப்பிட்டார்.

கடைசிச் சோதனைக்கு ஒரு பெண்மணி சக்கர நாற்காலியில் வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுவதாக நடித்தாள். நாய் பயப்படாமல் கிட்டே போய் அமைதியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். மின்கோவுக்குச் சோதனை மறந்துபோயிற்று. பக்கத்தில் மண்டியிட்டார், கைக்குட்டையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்மணி நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். அவள் பையன் ஜெர்மனிக்குப் போய் எட்டு மாதமாகிறதாம், வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்திகூட இல்லையாம். “போட்டுடுவான்,” என்றார் மின்கோ. “பசங்களுக்கு மொதல்ல பசி தெரியும், அப்பறந்தான் அம்மா தெரியும்.” அவள் அழுகையோடு சிரித்தாள்.

யாவோர் அட்டையை மூடினார். “தேறிட்டீங்க. எல்லாத்துலயும் முழு மதிப்பெண். அழைத்து வந்தவர் தூங்கிட்டார், ஆனா கயிற விடல, அதையும் எழுதியிருக்கேன்.” கை குலுக்கினார். “பதக்கத்துல பேரு பொறிக்க இப்பவே சொல்லிடுறேன்.”

மின்கோவின் கை அப்படியே நின்றது. “என்ன பேரு?”

“உங்க பேருதான். மின்கோன்னு. பித்தளையில ஆழமா வெட்டுவாங்க, நூறு வருஷம் ஆனாலும் அழியாது.”

வெள்ளிக்கிழமை நகராட்சி மண்டபம் நிறைந்திருந்தது. பதினான்கு நாய்கள் வாலாட்டிக்கொண்டு வந்திருந்தன, பதினைந்தாவது நாய் கறுப்புக் கோட்டில் வந்திருந்தது. கோட்டைக் கழற்ற முடியாது, சட்டை முதுகில் நீலக் கால்கள். கோட்டின் கையையும் பொத்தானிட முடியவில்லை, நூல்கள் வெளியே பிதுங்கி நின்றன. இல்லத்திலிருந்து முப்பதுக்கு மேல் ஆட்கள் சிறு பேருந்தில் வந்து முதல் இரண்டு வரிசையைப் பிடித்திருந்தார்கள். நடுவில் ஸ்தான்கா அம்மா, நடைச்சட்டத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு.

துணை மேயர் பட்டியலை ஒரே சுருதியில் படித்தார். “சேவை செய்த நாய், மின்கோ கரபாய்கோவ். அழைத்து வருபவர், திரு. ஸ்தமாத்.”

“மச்சான், வாலாட்டு!” என்று ஹரலாம்பி பின்வரிசையிலிருந்து கத்தினான். மண்டபம் சிரித்தது. மின்கோவின் காது சிவந்தது. ஸ்தமாத்தைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். ஸ்தமாத்தின் முன்னால் சான்றிதழும் ஐந்து கார்னேஷன் பூவும் வைத்தார்கள். ஸ்தமாத் ஒரு பூவைத் தின்றது. பதக்கம் மின்கோவின் கழுத்தில் விழுந்தது. குனிந்து பார்த்தார். பித்தளையில் ஆழமாக வெட்டியிருந்தது, அவர் பெயர்.

ஐந்து வருஷம் உழைத்தவன் பூ தின்றுகொண்டிருக்கிறான், கூடப் போனவன் கழுத்தில் பதக்கம். மின்கோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“மன்னிச்சுக்கணும். இது என்னோடதில்ல. இதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. யார் மேலயும் குத்தமில்ல. வயசானா கண்ணு மங்கும், கட்டம் மாறும். நாளைக்கு இவனுக்குப் பன்னண்டு முடியுது. பேரு இல்லாட்டி பரவாயில்ல, இத இவன் கழுத்துல மாட்டிடுறேன், நீங்க எல்லாரும் அவனுக்கு ஒருதரம் கைதட்டுங்க. அது போதும்.”

கழற்றக் கையைத் தூக்கினார். முதல் வரிசையில் நடைச்சட்டம் தரையில் தட்டியது.

“யாருக்குக் கண்ணு மங்குது?” என்றார் ஸ்தான்கா அம்மா. ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அம்மா, நான் உங்கள ஒண்ணும்...”

“செவ்வாய்க்கிழம தவறாம சொட்டு மருந்து போடுறே, நல்லாத்தான் தெரியுது. முப்பத்தெட்டு வருஷம் இதே கட்டடத்துல பிறப்பு இறப்புப் பதிவு பாத்தவ நான். ஒரு பேரு கட்டம் மாறி விழுந்ததில்ல. இதுவும் மாறல.”

ஹரலாம்பிகூடச் சிரிக்கவில்லை. மின்கோ ஸ்தமாத்தைப் பார்த்தார், முதல் இரண்டு வரிசையைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆனா நீங்க எல்லாரும் பிரியமா இருக்கறது இவன்மேலதான?” என்றார் மெதுவாக. “இவன் கழுத்துல இடமில்லாமத்தான மிச்ச நூல என் கையில கட்டினீங்க?”

ஸ்தான்கா அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“உன் கையில இடமில்லாமப் போனப்பறந்தான்ப்பா அவன் கழுத்துல கட்டினோம்.”